ஒரு பேஸ் கிட்டார் 8 லட்சம் ரூபாயா? வாங்குறது யார், கைமாறுவது எப்படி, ‘செட்டப்’ ஏன் முக்கியம்?

நான்கே நான்கு கம்பி. மேடையில் ஓரமாக நிற்பவர் கையில் இருக்கும். பாட்டு கேட்கும்போது பலர் அதைத் தனியாகக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் அந்தக் கருவிக்கு 10,000 டாலர், அதாவது 8 லட்சம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து, செய்து முடிக்க மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வாங்கிய சில மாதங்களிலேயே அதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்குபவர்களும் உண்டு.

அப்படி என்ன இருக்கிறது அதில்? கொடுக்கும் காசு எங்கே போகிறது? பழைய பேஸ் வாங்கும்போது எங்கே ஏமாற வாய்ப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

பேஸ் கிட்டார் என்ன வேலை செய்கிறது?

இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு போல நடந்துபோகும் அந்த அடிக்குரல்தான் பேஸ். டிரம்ஸின் தாளத்தையும் பாட்டின் சுரத்தையும் சேர்த்துக் கட்டும் கயிறு அது.

வழக்கமான 4 கம்பி பேஸில் மிகத் தடித்த கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிரும். 5 கம்பி பேஸில் அதற்கும் கீழே ஒரு கம்பி உண்டு. அது நொடிக்கு சுமார் 31 முறைதான் அதிரும். மனிதக் காது கேட்கும் எல்லையே சுமார் 20-ல்தான் தொடங்குகிறது. இவ்வளவு கீழே இருக்கும் ஒலியைக் குழப்பம் இல்லாமல், தெளிவாக வரவைப்பது எளிதல்ல. விலை உயர்ந்த பேஸ்களின் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பிரிசிஷன் பேஸ் எவ்வளவுக்கு விற்றது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். ஃப்ரெட் எனப்படும் உலோகப் பட்டைகள் இல்லாததால் சுரம் பிசகாமல் வாசிக்கவும் நல்ல பயிற்சி வேண்டும். ஃபெண்டர் தன் கருவியில் ஃப்ரெட் வைத்தார். சுரம் துல்லியமாக வந்தது. அதனால்தான் ‘பிரிசிஷன்’ என்று பெயர்.

அன்றைய விலை சுமார் 200 டாலர். 1960-ல் அதே நிறுவனத்திலிருந்து ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. இன்றுவரை உலகில் செய்யப்படும் பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டில் ஒன்றின் வாரிசுகள்தான்.

பிறகு விலை ஏறியது எப்படி?

இங்கே இரண்டு தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

*முதலாவது, பழைய பேஸ் சந்தை.* 1965-ல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு தரம் குறைந்துவிட்டது என்பது வாசிப்பவர்களிடையே நிலைத்துவிட்ட கருத்து. எனவே 1965-க்கு முந்தைய ஃபெண்டர்களுக்குப் பெரிய மவுசு. பழைய கார், பழைய வாட்ச் சேகரிப்பது போலத்தான். எண்ணிக்கை குறைவு, கேட்பவர்கள் அதிகம், விலை ஏறுகிறது.

*இரண்டாவது, கைவினைஞர்கள் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் புதிய பேஸ்கள்.* இதை ‘பூட்டிக்’ பேஸ் என்கிறார்கள். இதற்கு வழிகாட்டி என்று அலெம்பிக் நிறுவனத்தைச் சொல்லலாம். 1969-ல் ‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழுவைச் சுற்றியிருந்தவர்களால் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அரிய மரங்கள், பேட்டரியில் இயங்கும் மின்சுற்று என்று பேஸையே மறுபடி யோசித்தார்கள். ஸ்டான்லி கிளார்க் அதை வாசித்து உலகறியச் செய்தார்.

நியூயார்க்கில் ரோஜர் சடவ்ஸ்கி 1979-ல் பட்டறை தொடங்கினார். மார்கஸ் மில்லரின் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவர் அவர்தான். அதே நகரின் புரூக்ளினில் 1983-ல் ஃபோடேரா நிறுவனம் உருவானது. விக்டர் வூட்டன் கையில் பார்ப்பது ஃபோடேராதான். கனடாவில் டிங்வால், ஜெர்மனியில் வார்விக் என்று பட்டியல் நீள்கிறது.

சரி, 8 லட்சத்துக்கு என்னதான் கிடைக்கும்?

முதலில், உழைப்பு. தொழிற்சாலையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் உருவாகும் பேஸுக்கும், ஒருசிலர் மட்டும் வேலை செய்யும் பட்டறையில் உருவாகும் பேஸுக்கும் செலவாகும் மனித நேரம் ஒன்றல்ல. மரத்தைத் தேர்ந்தெடுப்பது, வருடக்கணக்கில் காய வைப்பது, கழுத்துப் பகுதியான நெக்கைச் செதுக்குவது, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது என எல்லாமே நேரம் பிடிக்கும் வேலை.

இரண்டாவது, வடிவமைப்பு. கம்பி தடிமனாக ஆக, அதைச் சரியாக இழுத்துக்கட்ட நீளமும் அதிகம் தேவை. பெரும்பாலான பேஸ்களில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 5 கம்பி பேஸில் அடிக்கம்பி தொளதொளப்பாகிவிடாமல் இருக்கச் சிலர் 35 அங்குலம் வைக்கிறார்கள். டிங்வால் இன்னும் ஒரு படி மேலே போய், தடித்த கம்பிக்கு 37 அங்குலம், மெல்லிய கம்பிக்கு 34 அங்குலம் என்று வைக்கிறது. அதனால் ஃப்ரெட்டுகள் விசிறி போல விரிந்திருக்கும்.

மூன்றாவது, எடை. இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்குவது 5 கிலோவா, 3.5 கிலோவா என்பது பெரிய வித்தியாசம். முதுகுவலி வந்தவர்களைக் கேட்டால் தெரியும். விற்பனை அறிவிப்புகளில் எடையைத் தவறாமல் போடுவதற்குக் காரணம் இதுதான்.

நான்காவது, பெயர். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு அளவுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் காசில் அழகும் அரிய தன்மையும் தயாரிப்பாளரின் பெயரும்தான் அதிகம்.

விலை உயர்ந்த மரம் என்றால் நல்ல சத்தமா?

வாசிப்பவர்களிடையே முடிவே இல்லாமல் ஓடும் சண்டை இது. பிரிட்டனின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. பின்பக்க, பக்கவாட்டு மரம் மட்டும் வேறுபடும் 6 அகூஸ்டிக் கிட்டார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எது என்ன மரம் என்று அவர்களால் பார்க்க முடியாது. முடிவு? விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் கலைஞர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மதிப்பெண்தான் கொடுத்தார்கள்.

அது அகூஸ்டிக் கிட்டார் ஆய்வு. எலெக்ட்ரிக் பேஸுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எலெக்ட்ரிக் பேஸில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப் என்ற காந்தச் சுருள். எனவே பிக்கப் இருக்கும் இடம், கம்பியின் வகை, வாசிப்பவரின் விரல் ஆகியவை சத்தத்தைப் பெரிய அளவில் மாற்றும். மரத்துக்காக மட்டும் கூடுதல் லட்சங்கள் கொடுப்பவர், அது கண்ணுக்கான செலவா காதுக்கான செலவா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

அடிக்கடி விற்று மாற்றிக்கொள்வது ஏன்?

கடையில் 10 நிமிடம் வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இல்லை இது. நெக்கின் தடிமன் கைக்குப் பொருந்துகிறதா, குழுவோடு வாசிக்கும்போது சத்தம் தனியாகத் தெரிகிறதா என்பதெல்லாம் மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் புரியும். அதனால் வாங்குவது, பழகுவது, பிடிக்கவில்லை என்றால் கைமாற்றுவது என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ‘என் 5 கம்பியை எடுத்துக்கோ, உன் 4 கம்பியைக் கொடு, மேலே கொஞ்சம் காசு’ என்று பண்டமாற்றும் நடக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் காரின் விலை இறங்குவது போலத்தான், பல புதிய பூட்டிக் பேஸ்களும். அதிலும் தனக்கென்று மரம், நிறம், நெக் அளவு எல்லாம் சொல்லிச் செய்யவைத்த பேஸை விற்பது இன்னும் கஷ்டம். ஒருவரின் ரசனை இன்னொருவருக்குப் பிடிக்க வேண்டுமே! அதனால்தான் அனுபவசாலிகள் பலர் முதல் பூட்டிக் பேஸைப் புதிதாக வாங்குவதில்லை. முதல் நஷ்டத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு, பயன்படுத்தியதை வாங்குகிறார்கள். பிடிக்காமல் போனாலும் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்றுவிடலாம்.

பழைய பேஸ் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* பெயிண்ட்: பழைய ஃபெண்டரில் தொழிற்சாலைப் பெயிண்ட் தேய்ந்து, உரிந்து இருந்தாலும் மதிப்பு உண்டு. பளபளவென்று மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் மதிப்பு பாதி அளவுக்குக்கூட விழும். புதுசாகத் தெரிவது இங்கே குறை.
* உதிரிபாகங்களின் வயது: உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும். அடுத்து ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். உதாரணமாக 137 6622 என்று இருந்தால், அந்த பாகம் 1966-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்யப்பட்டது. அதை 1964 பேஸ் என்று ஒருவர் விற்றால், குறைந்தபட்சம் அந்தப் பாகமாவது பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.
* ட்ரஸ் ராட்: நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி இது. இதைத் திருப்ப இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முழுக்க முறுக்கியும் நெக் வளைந்தே இருந்தால், வாங்கிய பிறகு பெரிய செலவு காத்திருக்கிறது.
* ஃப்ரெட் தேய்மானம்: ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டப்படுத்தவோ மாற்றவோ வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.
* வரிசை எண்: எண்ணின் தெளிவான படம், எடை, வாங்கிய ரசீது மூன்றையும் கேட்பது தப்பே இல்லை. தயங்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், விலையோடு விமானச் சரக்குக் கட்டணம், காப்பீடு, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். ‘அங்கே மலிவு’ என்று தோன்றுவது வீட்டு வாசலுக்கு வரும்போது அப்படி இருக்காது.

திருட்டுப் பேஸ் கையில் வந்துவிட்டால்?

இது கற்பனைப் பயம் இல்லை. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ரசிகர்களும் செய்தியாளர்களும் சேர்ந்து தேடியதில், 50 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. உரிமையாளரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது.

ஜாகோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் காணாமல் போனது. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் கருவி வெளியே வந்தது. அதை மீட்டு ஜாகோவின் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்ய ‘மெட்டாலிகா’வின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவினார். மோடவுன் பாடல்களின் முதுகெலும்பான ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸோ, அவர் 1983-ல் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

திருட்டுப் பொருளை நல்ல எண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், உண்மையான உரிமையாளர் வந்து கேட்டால் பொருளும் போகலாம், பணமும் போகலாம். திருட்டு என்று தெரிந்தே வாங்கினால் அது குற்றம். வரிசை எண்ணும் ரசீதும் ஏன் முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

நம்ம ஊர் ஈட்டி மரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பேஸின் விரல் பலகைக்கு அதிகம் பயன்படும் மரம் ரோஸ்வுட். 1960-களின் பாதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். பிறகு வந்தது இந்திய ரோஸ்வுட். அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். இதைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில், பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. உடனே எல்லை தாண்டி விற்கும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தயாரிப்பாளர்கள் பலர் பௌ ஃபெர்ரோ போன்ற வேறு மரங்களுக்கு மாறினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

ஆனால் அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பொருந்தாது. எனவே 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்குபவர், முறையான அனுமதி இல்லையென்றால் சுங்கத்தில் கருவியையே இழக்க நேரிடலாம்.

‘செட்டப்’ என்றால் என்ன?

எவ்வளவு விலை கொடுத்தாலும் பேஸ் என்பது மரம்தான். 4 கம்பிகள் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டே இருப்பது போல. அந்த இழுவிசையைச் சமாளித்து, கருவியை வாசிப்பவரின் கைக்கு ஏற்ப சரிசெய்வதுதான் செட்டப். வரிசை மாறாமல் செய்ய வேண்டும்:

1. சுருதி: வழக்கமாக வாசிக்கும் கம்பியையே போட்டு சுருதி சேர்க்க வேண்டும். கம்பி மாறினால் இழுவிசை மாறும். எல்லாக் கணக்கும் மாறும்.
2. நெக்கின் வளைவு: அதிரும் கம்பிக்கு இடம் வேண்டும் என்பதால் நெக் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, 8-வது ஃப்ரெட் அருகே கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியை அளப்பார்கள். ஃபெண்டர் பரிந்துரைப்பது 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர். ட்ரஸ் ராடை முறுக்கினால் நெக் நிமிரும், தளர்த்தினால் குழியும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பவே கூடாது.
3. கம்பியின் உயரம்: இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். 17-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குச் சுமார் 2.4, மெல்லிய கம்பிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் என்பது வழக்கமான தொடக்கப் புள்ளி. மென்மையாக வாசிப்பவர் இன்னும் இறக்கலாம். ஓங்கி அடிப்பவர் ஏற்ற வேண்டியிருக்கும்.
4. பிக்கப் உயரம்: கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தமே கம்பியை இழுத்து சுருதியைக் குழப்பும். தள்ளி இருந்தால் சத்தம் சோர்ந்துபோகும்.
5. இன்டோனேஷன்: 12-வது ஃப்ரெட்டை அழுத்தி வாசித்தால் வரும் சுரம், அதே இடத்தில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் சுரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் உள்ள சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். குறைவாக இருந்தால் முன்னால்.

கம்பி ‘கிர்’ரென்று உரசினால் எங்கே பிரச்சினை என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. முதல் 5 ஃப்ரெட்டுக்குள் உரசினால் நெக் அதிகமாக நிமிர்ந்திருக்கலாம். மேல் ஃப்ரெட்டுகளில் உரசினால் கம்பி மிகவும் தாழ்ந்திருக்கலாம். அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் உரசினால் நட் பகுதியைப் பார்க்க வேண்டும்.

சென்னை வெயிலில் பேஸ் என்ன ஆகும்?

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், விடும். கிட்டார்களுக்கு ஏற்றதாகச் சொல்லப்படுவது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். கடலோர ஊர்களில் வெளியே அதைவிட மிக அதிகம். ஏசி அறைக்குள்ளே குறைவு. கருவி இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருந்தால் நெக்கும் அசைந்துகொண்டே இருக்கும்.

என்ன செய்யலாம்? வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைக்கலாம். சிறிய ஈரப்பத மானி ஒன்றை உள்ளே போட்டு வைக்கலாம். பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பேஸைப் பெட்டியோடு ஒரு நாளாவது அறையில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. சில வாரம் கழித்து, நெக் புதிய ஊருக்குப் பழகிய பிறகு செட்டப் செய்தால் அது நிலைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைச் செருகியதுமே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காமல் விட்டுக்கொண்டே இருந்தால், பேட்டரி தீர்ந்து மேடையில் சத்தம் வராமல் போகலாம்.

கடைசியில், வாங்கலாமா வேண்டாமா?

ஜேமர்சன் வாசித்தது கடையில் கிடைத்த சாதாரண பிரிசிஷன் பேஸ். கம்பி உயரம் மிக அதிகம். கம்பியை மாற்றுவதே இல்லை என்று பெயர் எடுத்தவர். ஜாகோ, ஃப்ரெட்டுகளே பிடுங்கப்பட்ட தன் ஜாஸ் பேஸின் விரல் பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசிக்கொண்டார். இன்றைய சந்தைக் கணக்கில் அது மதிப்பைக் குறைக்கும் காரியம். ஆனால் பேஸ் வாசிப்பையே மாற்றிய சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

அதனால் வரிசை இதுதான்: இருக்கும் பேஸை முதலில் நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து செட்டப் செய்து பார்ப்பது. அப்புறம் கம்பியை மாற்றிப் பார்ப்பது. அதன் பிறகும் கை ஏதோ ஒன்றைத் தேடினால், அது எடையா, நெக்கா, அடிக்கம்பியின் தெளிவா என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு 8 லட்சம் ரூபாய் பேஸ் ஒரு கருவி. தெரியாதவருக்கு அது சுவரில் மாட்டிவைக்கும் அழகான மரம், அவ்வளவுதான்.